சேர்ந்து படிப்பதும் தனித்து எழுதுவதும்: கல்லூரி வகுப்பறையில் நேர்மையின் எல்லைகள்

திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் தலைமையில் 1948 நவம்பரில் மத்திய அரசு பல்கலைக்கழகக் கல்விக் குழுவை அமைத்தது. ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார், ஜாகிர் உசேன், மேகநாத் சாகா ஆகியோர் அதில் உறுப்பினர்கள். நாட்டின் உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்ய முடியும் என்றால் அதைத் தேர்வு முறையில்தான் செய்ய வேண்டும் என்று 1949 ஆகஸ்டில் அளித்த அறிக்கையில் அந்தக் குழு அழுத்திச் சொன்னது. ஒவ்வொரு பாடத்திலும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை, மாணவர் வகுப்பில் செய்யும் வேலைக்கு ஒதுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

இன்று அதே திருத்தணியில், சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அருள்மிகு ஸ்ரீ சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. இரண்டிலும் இன்டர்னல் மதிப்பெண் உண்டு. குழு கேட்டதில் ஒரு பகுதி வந்துவிட்டது. ஆனால் வகுப்பு வேலைக்கு மதிப்பெண் என்று சொன்னவுடன் எழும் கேள்விகளுக்கு இன்னும் தெளிவான விடை இல்லை. அந்த வேலை யாருடையது? நண்பரின் உதவி எதுவரை செல்லலாம்? அதை அளப்பது எப்படி? எல்லை மீறினால் யார், எப்படித் திருத்துவது? நம் கல்லூரிகள் இவற்றுக்கு இதுவரை என்ன விடை தந்திருக்கின்றன, உலகம் என்ன கற்றிருக்கிறது, ஓர் எல்லைப்புறச் சிற்றூரின் வகுப்பறைக்கு எது பொருந்தும் என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேர்வு நடத்தப் பிறந்த பல்கலைக்கழகம்

1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு லண்டன் பல்கலைக்கழகம் முன்மாதிரி. கற்பிப்பது கல்லூரிகளின் வேலை. தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. பாடம் நடத்துபவர் ஒருவர், வினாத்தாள் எழுதுபவர் இன்னொருவர், விடைத்தாள் திருத்துபவர் மூன்றாமவர். மாணவரின் முகம் தெரியாதவர் போடும் மதிப்பெண்ணே நடுநிலையானது என்ற நம்பிக்கை இந்த ஏற்பாட்டில் ஊறிக் கிடந்தது.

அதன் நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சாதியும் செல்வாக்கும் நிறைந்த சமூகத்தில், பெயர் தெரியாத பதிவெண்ணுக்குக் கிடைத்த மதிப்பெண்தான் எத்தனையோ எளிய குடும்பத்துப் பிள்ளைகளை மேலே ஏற்றியது. பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டைப் பக்கத்து நெசவுக் குடும்பங்களிலிருந்து திருத்தணிக்கு வந்து படிக்கும் மாணவருக்கு இன்றும் அதுதான் பாதுகாப்பு. ஆசிரியரின் விருப்பு வெறுப்பு அங்கே எட்டாது.

தீமை வேறு பக்கத்திலிருந்து வந்தது. மூன்று மணி நேரத் தேர்வே எல்லாவற்றையும் முடிவு செய்வதால் படிப்பு என்பது எதிர்பார்க்கும் வினாக்களுக்கு விடையை மனப்பாடம் செய்வதாகச் சுருங்கியது. கைடு புத்தகம், பழைய வினாத்தாள் தொகுப்பு, கடைசி வார ஜெராக்ஸ் நோட்ஸ் ஆகியவை நூலகத்தின் இடத்தைப் பிடித்தன. தேர்வறையில் நேர்மையைக் காப்பது முழுக்க முழுக்கக் கண்காணிப்பாளரின் வேலை ஆனது. பிட் பிடிப்பதற்குப் பறக்கும் படை வந்தது. கையும் களவுமாகப் பிடிபடாதவரை எல்லாம் சரிதான் என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது.

வெளித்தேர்வு கறைபடாதது என்ற நம்பிக்கையும் முழு உண்மை இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஏப்ரல், மே தேர்வுகளின் மறுமதிப்பீட்டில் பணம் பெற்று மதிப்பெண் கூட்டப்பட்டதாக 2018இல் ஊழல் தடுப்புத் துறை வழக்குப் பதிவு செய்தது. முகம் தெரியாத இடத்திலும் முறைகேடு நுழைய வழி உண்டு என்பதை அந்த வழக்கு நினைவூட்டியது.

அகமதிப்பீடு: பாதி வழியில் நின்ற சீர்திருத்தம்

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி குழுவும் அகமதிப்பீட்டை வலியுறுத்தியது. உள் மதிப்பெண்ணையும் வெளி மதிப்பெண்ணையும் தனித்தனியே காட்ட வேண்டும் என்பது அதன் கருத்து. 1978இல் தமிழ்நாட்டில் தன்னாட்சிக் கல்லூரிகள் தோன்றின. இலயோலா கல்லூரியும், இராதாகிருஷ்ணன் படித்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் அந்த முதல் வரிசையில் இருந்தன. நடத்துபவரே மதிப்பிடலாம் என்ற உரிமை அங்கே கிடைத்தது. இணைப்புக் கல்லூரிகளுக்கு வந்தது அதன் ஒரு துண்டு மட்டுமே.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் கலை, அறிவியல் பாடங்களுக்கு இன்டர்னல் 25, வெளித்தேர்வு 75. அந்த 25 மதிப்பெண் வகுப்புத் தேர்வு, அசைன்மெண்ட், செமினார், வருகை என்று பிரிகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி எழுத்துப் பாடங்களுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. முந்தைய 2017 விதிமுறையில் இது 20, 80 என்று இருந்தது. ஆக, வகுப்பறையின் எடை கூடிக்கொண்டே வருகிறது. எடை கூடும் அளவுக்கு விளக்கம் கூடவில்லை.

அசைன்மெண்ட் எப்படி நடக்கிறது என்று தமிழ்நாட்டில் கல்லூரிக்குப் போன எல்லாருக்கும் தெரியும். ஒரு தலைப்பு அறுபது பேருக்கும் கொடுக்கப்படுகிறது. வகுப்பில் ஒருவர் எழுதுகிறார். மற்றவர்கள் பார்த்து எழுதுகிறார்கள். ரெக்கார்டு நோட்டு ஆண்டுதோறும் சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறுகிறது. இறுதியாண்டு பிராஜெக்ட்டைச் செய்து கொடுக்கவே கடைகள் இருக்கின்றன. ஆசிரியருக்கும் இது தெரியும். முதல் பக்கத்தின் அழகு, பக்கங்களின் எண்ணிக்கை, குறித்த நாளில் கொடுத்தது ஆகியவற்றைப் பார்த்து மதிப்பெண் விழுகிறது. படித்ததற்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு அங்கே அறுந்துபோகிறது.

வருகைக்கு மதிப்பெண் கொடுப்பதும் இத்தகைய குழப்பமே. வகுப்புக்கு வருவது கடமை. அதற்கென 75 விழுக்காடு என்ற தனி விதி இருக்கிறது. அதையே மதிப்பெண்ணிலும் சேர்க்கும்போது, வந்து உட்கார்ந்தவரின் கூட்டுத்தொகையும் கற்றவரின் கூட்டுத்தொகையும் ஒன்றாகிவிடுகின்றன. இன்டர்னல் மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கும் கடிவாளமாகவும் ஆகிவிடுகிறது. எதிர்த்துக் கேள்வி கேட்டால் இன்டர்னலில் கைவைத்துவிடுவார்கள் என்ற அச்சம் வகுப்பில் இருக்கும்வரை, அகமதிப்பீட்டை மாணவர்கள் நம்பப்போவதில்லை.

பொறியியல் கல்லூரிகளில் இன்னொரு முரண்பாடு உண்டு. 2021 விதிமுறையில், ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றோர் முப்பதுக்கு மேல் இருந்தால் ஒருவரின் கிரேடு மற்றவர்களின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு வகுக்கப்படுகிறது. பக்கத்தில் இருப்பவர் நன்றாக எழுதினால் என் கிரேடு இறங்கக்கூடும். இப்படி அளந்துகொண்டே, குழுவாகச் செய்யுங்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுங்கள் என்று அறிவுரை சொல்கிறோம். அளவுகோல் ஒரு திசையிலும் அறிவுரை எதிர்த் திசையிலும் நிற்கின்றன.

சேர்ந்து கற்பது நம் மரபு

உடன் படிப்பவரோடு சேர்ந்து கற்பதைக் குற்றத்தின் முதல் படியாகப் பார்ப்பது தமிழ் மரபுக்குப் புறம்பானது. பவணந்தி முனிவரின் நன்னூல் பாடம் கேட்கும் முறையைக் கணக்குப் போட்டே சொல்கிறது. ஆசிரியர் சொன்னதை முழுதாக வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் கிடைக்கும்; உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு வரும்; பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது மீதி அரைப் பங்கும் நிறையும். அதாவது முக்கால் பங்குக் கல்வி மற்றவர்களோடு சேர்ந்துதான் வருகிறது.

திண்ணைப் பள்ளிகளில் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தான்; சட்டாம்பிள்ளை பாடம் ஒப்பித்துக் கேட்டான். சென்னையில் ராணுவ ஆண் அநாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்குள்ள நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் கையாண்டார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து 1797இல் இங்கிலாந்தில் நூலாகவும் வெளியிட்டார். அது மெட்ராஸ் முறை என்ற பெயரில் உலகில் பரவியது.

இதன் பயனை அண்மைக்கால ஆய்வும் காட்டியிருக்கிறது. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரெய்ஸ்மன், கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று ஆராய்ந்தார். அவர்களிடம் உழைப்புக் குறைவில்லை. அவர்கள் தனியாகவே படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்களோ முதலில் தனியாகக் கணக்குப் போட்டுவிட்டு, பிறகு கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை மற்றவர் சோதித்தார்கள். இதை வைத்து டிரெய்ஸ்மன் தொடங்கிய கூட்டுப் பயிற்சி வகுப்புகளால் கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது.

முதலில் தனியே முயல்வது, பிறகு கூடிப் பேசுவது என்ற இந்த வரிசைதான் முக்கியம். முயற்சி இல்லாமல் நேரே கூடினால் அது பார்த்து எழுதுவதில் முடிகிறது. முயற்சிக்குப் பின் கூடினால் அது கல்வியாகிறது. வீட்டில் படித்தவர் யாரும் இல்லாத முதல் தலைமுறை மாணவருக்கு உடன் படிப்பவர்தான் டியூஷன் வாத்தியார். தமிழ்வழியில் படித்தவர், ஆங்கிலவழியில் படித்தவர், வீட்டில் தெலுங்கு பேசுபவர் என மூவரும் ஒரே பெஞ்சில் உட்காரும் ஊர் இது. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இங்கே ஒருவர் இன்னொருவருக்குப் பாடத்தை மொழிபெயர்த்துச் சொல்வதே பெரும் கல்விப் பணி. அதைத் தடுக்கும் விதி எதுவும் நல்ல விதியாக இருக்காது.

எடுத்தாள்வதற்கும் எல்லை வகுத்தவர்கள்

மரபு கூட்டுக் கல்வியைப் போற்றிய அளவுக்கு, யாரிடமிருந்து எடுத்தோம் என்று சொல்வதையும் வற்புறுத்தியது. சிறப்புப் பாயிரத்தில் இருக்க வேண்டிய செய்திகளில், ஆக்கியோன் பெயருக்கு அடுத்து நன்னூல் வைப்பது வழியை. அந்த நூல் எந்த முதனூலைப் பின்பற்றியது என்ற செய்தியை. முன்னோர் சொன்ன பொருளை மட்டுமின்றி அவர்கள் சொல்லையும் மதித்து எடுத்தாளலாம் என்று இடம் கொடுக்கும் நூலே, வழியைச் சொல்ல வேண்டும் என்றும் கேட்கிறது. எடுப்பது தவறில்லை, எடுத்ததை மறைப்பதே தவறு என்பதை நம்மவர்கள் எப்போதோ தெளிவாக்கிவிட்டார்கள்.

நவீன இந்தியாவின் சட்டம் மிகப் பிந்தி வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்கும் விதிமுறைகளை வெளியிட்டது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. துறை அளவிலும் நிறுவன அளவிலும் விசாரணைக் குழுக்கள் வேண்டும் என்றும் அது சொல்கிறது.

ஆனால் இந்த விதிமுறை அசைன்மெண்ட், பருவக் கட்டுரை, பிராஜெக்ட் அறிக்கை, விடைத்தாள் ஆகியவற்றை வெளிப்படையாகவே தன் வரம்பிலிருந்து விலக்கிவிடுகிறது. முதுகலை, முனைவர் பட்ட ஆய்வேடுகளும் வெளியீடுகளும்தான் அதன் வட்டம். இளங்கலை மாணவர் மூன்றாண்டு முழுதும் எழுதும் எதற்கும் இந்தியாவில் பொது விதி கிடையாது. தேர்வறையில் பிட் அடித்தால் மால்பிராக்டிஸ் விதி இருக்கிறது; முனைவர் பட்டத்துக்கு 2018 விதி இருக்கிறது. நடுவே உள்ள வகுப்பறை அந்தந்தக் கல்லூரியின், அந்தந்த ஆசிரியரின் போக்கில் விடப்பட்டிருக்கிறது. மூன்றாண்டு பார்த்து எழுதியே பழகியவரிடம் ஆய்வேட்டில் திடீரென நேர்மையை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

விதி இல்லாத இடத்தில் சச்சரவு எப்படி முடியும் என்பதற்கு இராதாகிருஷ்ணனின் வாழ்விலேயே ஒரு சான்று உண்டு. இந்தியத் தத்துவம் பற்றிய அவரது நூலின் இரண்டாம் தொகுதியில் தம் ஆய்வேட்டின் பகுதிகள் எடுக்கப்பட்டிருப்பதாக ஜாதுநாத் சின்ஹா என்ற அறிஞர் 1929இல் கல்கத்தாவின் மாடர்ன் ரிவியூ இதழில் குற்றம் சாட்டினார். இராதாகிருஷ்ணன் மறுத்தார். இருவரும் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1933இல் வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. தீர்ப்பு எதுவும் வரவில்லை. குற்றம் உண்டென்றோ இல்லையென்றோ இன்று நாம் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் அத்தகைய புகாரை ஆராய்ந்து முடிவு சொல்லும் கல்விசார் நடைமுறை அன்று இருந்திருந்தால் இரு அறிஞர்களும் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் நின்றிருக்க வேண்டியதில்லை. நடைமுறை என்பது குற்றவாளியைப் பிடிப்பதற்கு மட்டும் இல்லை. குற்றமற்றவரின் பெயரைக் காப்பதற்கும் அதுவே துணை.

உலகம் கண்ட வழிகளும் தடுமாற்றங்களும்

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகம் 1842 முதலும் பிரின்ஸ்டன் 1893 முதலும் உறுதிமொழி முறையைக் கடைப்பிடித்து வந்திருக்கின்றன. நான் உதவி பெறவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்று மாணவர் எழுதிக் கையெழுத்திடுவார். மாணவர்களே குற்றத்தை விசாரிப்பார்கள். வர்ஜீனியாவில் நீண்ட காலம் ஒரே தண்டனைதான் இருந்தது: வெளியேற்றம். 2022இல் மாணவர்களே வாக்களித்து அதை மாற்றினார்கள். ஒரே கடுந்தண்டனை இருக்கும் இடத்தில் சக மாணவர் மீது புகார் சொல்லக் கை நடுங்கும் என்பது அவர்கள் பட்டறிந்த பாடம்.

எல்லை தெளிவாக இல்லாவிட்டால் பெரும் நிறுவனமும் தடுமாறும் என்பதற்கு ஹார்வர்டு சான்று. 2012இல் அமெரிக்க நாடாளுமன்றம் பற்றிய ஒரு பாடத்தில் வீட்டிலிருந்தே எழுதும் தேர்வு வைக்கப்பட்டது. புத்தகம், குறிப்பு, இணையம் எல்லாவற்றையும் பார்க்கலாம். பிறரோடு பேசக் கூடாது என்பது விதி. பாடம் நடந்த விதமோ கூடிப் பேசுவதை ஊக்குவிப்பதாக இருந்தது என்று மாணவர்கள் முறையிட்டார்கள். ஏறத்தாழ 125 பேர் விசாரிக்கப்பட்டார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கல்லூரியை விட்டுச் சிறிது காலம் விலக நேர்ந்தது.

மதிப்பெண்ணே நேர்மையின்மையைத் தூண்டுகிறது என்று கருதியவர்களும் உண்டு. எம்.ஐ.டி. 1968 முதல் முதலாண்டு மாணவருக்குக் கிரேடு போடுவதை நிறுத்தி, தேர்ச்சி பெற்றாரா என்பதை மட்டும் பதிவு செய்யத் தொடங்கியது. இஸ்ரேலில் ரூத் பட்லர் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்புரை மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்புரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. எண்ணைக் கண்டதும் கண் எழுத்தைத் தாண்டிவிடுகிறது. நம் அசைன்மெண்ட் தாள்களிலோ பத்துக்கு எட்டு என்ற எண்ணைத் தவிர ஆசிரியரின் ஒரு வாக்கியத்தைக்கூடப் பார்ப்பது அரிது.

இயந்திரம் எழுதும் காலம்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு பழைய சிக்கல் புதிய உருவம் எடுத்திருக்கிறது. முன்பு ஜெராக்ஸ் கடை செய்ததை இப்போது கைபேசி இலவசமாகச் செய்கிறது. இதற்கு எதிராகக் கண்டறியும் மென்பொருளை நம்பிப் போவது ஆபத்து. சாட்ஜிபிடியை உருவாக்கிய நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறி கருவியைத் துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் தேர்வுக்குத் தாமே எழுதிய 91 கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் இத்தகைய கருவிகளில் இட்டுப் பார்த்தார்கள். சராசரியாக அறுபது விழுக்காட்டுக்கு மேல் இயந்திரம் எழுதியவை என்று தவறாக முடிவு வந்தது.

திருத்தணி போன்ற ஊர்களின் மாணவருக்கு இதன் பொருள் கடுமையானது. பன்னிரண்டு ஆண்டு தமிழ்வழியில் படித்துவிட்டு, எளிய சொற்களில், சிறு வாக்கியங்களில், பாடுபட்டு ஆங்கிலம் எழுதும் மாணவர்தான் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவார். ஒரு மென்பொருள் காட்டும் விழுக்காட்டை மட்டும் வைத்து எந்த மாணவரையும் தண்டிக்கக் கூடாது. அது விசாரணைக்குத் தொடக்கமாகலாம், தீர்ப்பாக ஒருபோதும் ஆகக் கூடாது.

செய்யக்கூடியவை

மேலே கண்டவற்றிலிருந்து, பெரிய செலவு இல்லாமல் ஓர் அரசு கலைக் கல்லூரியிலேயே தொடங்கக்கூடிய சில நடைமுறைகளைத் தொகுக்கலாம்.

முதலாவது, ஒவ்வொரு வேலையும் மூன்றில் எந்த வகை என்று அதைக் கொடுக்கும்போதே எழுதிச் சொல்வது: தனியே செய்ய வேண்டியது; பேசலாம், ஆனால் தனியே எழுத வேண்டியது; குழுவாகவே செய்ய வேண்டியது. தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி போதும். எல்லை தெரியாமல் மீறியவர், தெரிந்தே மீறியவர் என்ற வேறுபாடு அப்போதுதான் புலப்படும்.

இரண்டாவது, ஒவ்வொரு அசைன்மெண்டின் முடிவிலும் உதவிக் குறிப்பு. யாரோடு பேசினேன், எந்தக் கைடைப் பார்த்தேன், எந்தச் செயலியை எதற்குப் பயன்படுத்தினேன் என்று மாணவர் எழுத வேண்டும். உண்மையைச் சொன்னதற்காக மதிப்பெண் குறையக் கூடாது. வழியைச் சொல்லும் பழக்கம் முதலாண்டிலேயே வந்துவிட்டால் ஆய்வேட்டுக்குத் தனிப் பாடம் தேவைப்படாது.

மூன்றாவது, எழுதியதைப் பற்றி வாய்மொழியாகக் கேட்பது. அறுபது பேர் வகுப்பில் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். ஒரு செமஸ்டருக்கு ஒரு முறை இதற்கு ஒதுக்க முடியும். தான் எழுதியதைத் தாய்மொழியில் விளக்கவும் மாணவருக்கு உரிமை வேண்டும். இதை விடச் சிறந்த கண்டறி கருவி இன்னும் பிறக்கவில்லை.

நான்காவது, வருகையை மதிப்பெண்ணிலிருந்து பிரிப்பது. கோத்தாரி குழு கேட்டபடி உள், வெளி மதிப்பெண்களைத் தனித்தனியே காட்டுவது. இன்டர்னல் மதிப்பெண் எப்படி வந்தது என்பதை மாணவர் பார்த்து முறையிட வழி செய்வது.

ஐந்தாவது, படிப்படியான தண்டனை. முதல் முறை என்றால் வேலையை மறுபடி செய்ய வைத்தால் போதும். மீண்டும் நடந்தால் துறைக் குழு விசாரிக்கட்டும், அதில் ஒரு மாணவர் பிரதிநிதியும் இருக்கட்டும், மேல்முறையீடும் இருக்கட்டும். ஓர் அரியரால் குடும்பத்தின் முதல் பட்டதாரி கனவு குலைந்துபோகும் வீடுகள் இங்கே நிறைய உண்டு. திருத்துவதற்கு வாய்ப்பளிக்காத தண்டனை கல்வியின் வேலை ஆகாது.

இவை எல்லாம் ஆசிரியரிடமிருந்து தொடங்க வேண்டும். பிறர் தயாரித்த பாடக்குறிப்பைப் பயன்படுத்தும் ஆசிரியர் அவர் பெயரைச் சொல்லட்டும். மாணவரின் பிராஜெக்டிலிருந்து கட்டுரை எழுதினால் மாணவர் பெயரையும் சேர்க்கட்டும். அதே சமயம், ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்படும் வேலையில், குறைந்த ஊதியத்தில், பல வகுப்புகளைத் தாங்கும் கௌரவ விரிவுரையாளரிடம் அறுபது அசைன்மெண்டையும் ஊன்றிப் படித்துக் குறிப்பு எழுதச் சொல்வதற்கு முன், அரசு அவருக்கு நிலையான வேலையும் நேரமும் கொடுக்க வேண்டும். நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடங்களும் வகுப்பறை நேர்மைக்கு எதிரிதான்.

கண்காணிப்பாளர் இருக்கும்வரை மட்டும் நிற்கும் நேர்மை தேர்வறை வாசலோடு முடிந்துவிடும். எல்லையைத் தெரிந்து, அதன் நியாயத்தையும் புரிந்து நடப்பவரின் நேர்மைதான் நாளை அவர் போடும் கையெழுத்திலும் எழுதும் கணக்கிலும் நிற்கும். அடுத்த செமஸ்டர் தொடங்கும் நாளில், கல்லூரி ஆசிரியர்கள் பாடத்திட்டத்தோடு இந்த எல்லைகளையும் ஒரு தாளில் எழுதி மாணவர் கையில் கொடுங்கள். மாணவர்கள் கூடிப் படியுங்கள், தனித்து எழுதுங்கள், உதவியவர் பெயரைச் சொல்லுங்கள். பெற்றோர் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதோடு, என்ன புரிந்தது என்றும் கேளுங்கள். 1949இல் கேட்கப்பட்ட சீர்திருத்தத்தின் மறுபாதியை முடிக்க இன்னொரு குழுவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.